கழற்றாமல் விட்ட சிலிண்டர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டுத் தங்கச்சி என் பட்டறைக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கதவு அவள் கையோடு போகாததற்கு நான் போட்ட கீல்தான் காரணம்.

"அண்ணே, கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு வாங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும்."

"அரக்கு பூசிட்டிருக்கேன் தங்கச்சி. பாதியில விட்டா திட்டுத் திட்டா நிக்கும்."

"நிக்கட்டும். மறுபடியும் தேச்சுக்கலாம். என் வீட்டைத் தேச்சுச் சரி பண்ண முடியாது."

கூடப்பிறந்தவள் இல்லை. பதினோரு வருஷமாக எதிரெதிர் வாசலில் இருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அவள் 'அண்ணே' என்று அந்தக் குரலில் கூப்பிட்டால் எனக்கு அரக்கும் தெரியாது, பிரஷ்ஷும் தெரியாது. மழைக்குத் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன். திங்கள் மாலை பிடித்த மழை. அதுவரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, ஒரே ராத்திரியில் போர்வை தேடும்படி குளிர்ந்துவிட்டது. இந்தக் கதைக்கு அந்தக் குளிர்தான் ஆரம்பம்.

அந்த வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே தொழில். சிலிண்டர் போனோகிராப்புகளைப் பழுது பார்ப்பார்கள். தட்டு வைத்துப் பாட வைக்கும் பெட்டி இல்லை, அதற்கும் முந்திய சமாச்சாரம். டம்ளர் அளவில் இரண்டு பக்கமும் திறந்த மெழுகுச் சிலிண்டர் ஒன்றை உலோக உருளை மேல் மாட்டிச் சுற்ற விடுவார்கள். ஊசி அதன் மேல் ஊர்ந்து போகும், புனல் மாதிரி விரிந்த ஹாரனிலிருந்து சத்தம் வரும். எங்கெங்கோ பரணில் கிடந்து, எலி கடித்து, துருப்பிடித்து வருகிற மெஷின்கள் இந்த வீட்டைத் தாண்டும்போது வாய் திறந்து பேசிக்கொண்டு போகும். தங்கச்சிக்கு ஸ்பிரிங். டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும் எஃகுப் பட்டையை அவள் வெளியே எடுக்கும்போது நான் நாலடி தள்ளி நிற்பேன், அது கை நழுவினால் முகத்தைக் கொண்டுபோய்விடும். அவளுக்கு ஒருநாளும் நழுவியதில்லை. அவள் புருஷனுக்கு மெழுகு. சிலிண்டரைத் துடைப்பது, பூஞ்சை எடுப்பது, விரிசல் ஒட்டுவது எல்லாம் அவன் கைதான், வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டான். அவள் தம்பிக்கு லேத்தும் ஊசித் தலைகளும். பெட்டி மட்டும் என்னிடம் வரும்.

புருஷனுக்குத் தெருவே வைத்த பெயர் 'சட்டம்'. பட்டறைச் சுவரில் சட்டங்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். சிலிண்டரை வெளியே தொடாதே, உள்ளே இரண்டு விரல் விட்டுத் தூக்கு. வேலை முடிந்தால் ஸ்பிரிங்கைத் தளர்த்து. கேட்டால் கழற்று. இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் தலை. மெழுகு குளிரில் உலோகத்தைவிட அதிகம் சுருங்கும். கேட்டு முடித்த சிலிண்டரை உருளையிலேயே விட்டுவிட்டுப் போனால், குளிர் வந்ததும் சுருங்கி உருளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் அசையாது, இழுத்தால் விண்டுபோகும்.

தம்பிக்குப் பெயர் 'நிதானம்'. முப்பத்தெட்டு வயசு. ஒரு திருகை எடுத்தால் அதை நாலு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான். சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் கை கழுவித் துடைத்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஒரு மூடியைக் கொடுக்கப் போனபோதுதான் அது நடந்தது. மாட்டு டாக்டரம்மாவின் மெஷின் மேஜை மேல் இருந்தது, அதன் உருளையில் அவருடைய சிலிண்டர். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவருடைய தாத்தா வீட்டில் யாரோ பதிவு செய்தது, பாட்டும் இல்லை பேச்சும் இல்லை, ஒரு நாய் குரைக்கிறது. அதற்காக மூன்று தலைமுறையாகச் சித்தப்பா பெரியப்பா மக்கள் அடித்துக்கொண்டு, கடைசியில் டாக்டரம்மா கைக்கு வந்திருக்கிறது.

சட்டம் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. இறுகிப் போயிருந்தது.

"நேத்து கடைசியா இதை யாரு போட்டது?"

"நான்தான் மாமா. புது ஊசித் தலை சரியா உக்காந்திருக்கான்னு ஒரு தடவை போட்டுப் பாத்தேன். கழட்டி டப்பாவுல வெச்சுட்டுத்தான் போனேன்."

"டப்பாவுல வெச்சியா? டப்பா இந்தா இருக்கு, காலியா இருக்கு. சிலிண்டர் என்ன, நடந்து வந்து ஏறிக்கிச்சா?"

"வெச்சேன் மாமா."

"அப்ப நான் பொய் சொல்றேனா? என் கண்ணு பொய் சொல்லுதா? பதினாலு வருஷமா சுவத்துல எழுதி வெச்சிருக்கேன், படிக்கத் தெரியாதா உனக்கு? லேத் பக்கம் வேலை செய்யறவன் லேத் பக்கமே இருக்கணும். உன்னை இந்த மேஜை கிட்ட விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நிதானம் அவனை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான், துணியில் சுருட்டினான், கக்கத்தில் வைத்தான். அந்தக் கோபத்திலும் அவசரம் இல்லை. "வரேன்க்கா" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். சைக்கிள் கடை மாடியில் கூட்டாளி ஒருத்தன் அறை இருக்கிறது, அங்கே போய்விட்டான். சட்டம் மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, "யாரும் தொடக்கூடாது" என்று நாலாவது சட்டம் போட்டான். அதற்கப்புறம் நாலு நாள் அந்த வீட்டில் நான் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

சனிக்கிழமை நான் உள்ளே போனபோது வாசல் பக்கத்தில் ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்தது. சட்டம் நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நீங்க சாட்சி" என்றாள் தங்கச்சி. "டாக்டரம்மா நாலு மணிக்கு வராங்க. அதுக்குள்ள என் தம்பி இந்த வீட்டுக்குள்ள இருக்கணும். இல்லேன்னா இந்தப் பையை எடுத்துட்டு நான் கிளம்பறேன். ஸ்பிரிங்கை இவரே கழட்டட்டும்."

"பாருங்க பெட்டிக்காரரே, இவ எப்படிப் பேசறான்னு! தப்பு பண்ணினவனை நான் போய் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமாம்."

"வெத்தலை பாக்கு வேணாம். வாடான்னா போதும். அவன் கழட்டினேன்னு சொல்றான். என் தம்பி மந்தம்தான், பொய் சொல்லமாட்டான்."

"நானும் பொய் சொல்லமாட்டேன்!"

"மாப்ள" என்றேன், "மொதல்ல சிலிண்டரைக் கழட்டப் பாரு. யாரு விட்டாங்கன்றதை அப்புறம் பேசிக்கலாம்."

"அதுக்கு உருளையைத் தண்டோட வெளிய எடுக்கணும்" என்றான் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அவ வேலை அது."

அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள், துணியை விலக்கினாள், குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"பெல்ட் ஏன் கழண்டிருக்கு?"

"என்ன?"

"ஸ்பிரிங் மோட்டார்லேர்ந்து உருளைக்குப் போற பெல்ட்டு. கழட்டி ஓரமா மடிச்சு வெச்சிருக்கு. பெல்ட் இல்லாம இது சுத்தாதே. அவன் போட்டுக் கேட்டுட்டு விட்டுட்டுப் போயிருந்தா பெல்ட்டு மேல இருக்கணுமே?"

எனக்கு அந்த மெஷினில் பெட்டியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆனாலும் சட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றுவது எதற்கு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிலிண்டரைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பிரஷ் போட்டுப் பூஞ்சை எடுப்பதற்கு. அந்த வேலையை ஒரே ஒரு ஆள்தான் செய்வான்.

"திங்கக்கிழமை சாயந்தரம்..." என்று இழுத்தான். குரல் கீழே போய்விட்டது. "ஓரத்துல வெள்ளையா ஒரு புள்ளி பாத்தேன். டப்பாவுலேர்ந்து எடுத்து மாட்டி, லேசா பிரஷ் போட்டேன். மழை வந்துடுச்சு. மொட்டை மாடியில ஹாரனுக்கு பெயின்ட் அடிச்சுக் காய வெச்சிருந்தேனே... ஓடினேன்."

"ஓடினீங்க. திரும்பி வரல."

"நான் அதைக் கேக்கவே இல்லடி! ஊசியை இறக்கவே இல்ல. கேட்டாதானே கழட்டணும்னு... கேக்கலையே, அதான் மனசுல அது மாட்டின கணக்குலயே வரல. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல."

அடப்பாவி என்று இருந்தது எனக்கு. தான் எழுதிய சட்டத்தைத் தானே எழுத்து மாறாமல் கடைப்பிடித்திருக்கிறான். கேட்டால் கழற்று, இவன் கேட்கவில்லை, கழற்றவில்லை. இப்படி ஒரு தப்பைச் செய்ய இவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. சிரிப்பதா, நாலு சாத்துச் சாத்துவதா என்று தெரியாமல் நின்றேன்.

தங்கச்சி கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, போய்க் கூட்டிட்டு வாங்க. இதைப் பத்தி நீங்க வாயைத் திறக்கக்கூடாது. இவர் வாயால வரணும்" என்றாள்.

சைக்கிள் கடை மாடியில் நிதானம் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய சைக்கிள் மணி ஒன்றை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தான். சும்மா இருக்க அவனால் முடியாது.

"வா தம்பி, வீட்டுக்குப் போலாம்."

"யார் அனுப்பிச்சது?"

"உங்க அக்கா."

"அவர் சொன்னாரா?"

சொல்லிவிட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். "சிலிண்டர் இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. நாலு மணிக்கு டாக்டரம்மா வராங்க. உங்க மாமா தனியா இழுத்தாருன்னா அந்த நாய் ரெண்டு துண்டாயிடும்."

மணியின் உள் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நாலு நாளா யோசிச்சுட்டேண்ணே. நான் கழட்டினது எனக்குத் தெரியும். விரல்ல இன்னும் அந்த டப்பா மூடி அழுத்தினது இருக்கு. ஆனா அவர் அவ்வளவு சத்தமா சொன்னதும், ரெண்டாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நான்தான் விட்டேனோன்னு. அதைத்தான் என்னால தாங்க முடியல. என் கையை நானே நம்ப முடியாம பண்ணிட்டாரு."

மணியை அவன் முழுசாகத் திரும்பப் பூட்டி, இரண்டு தடவை அடித்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் எழுந்தான்.

"நாய்க்காக வரேன். அக்காவுக்காக வரேன். வேற யாருக்கும் இல்ல."

"சரிப்பா, நாய்க்காகவே வா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி உருளையைத் தண்டோடு வெளியே எடுத்து வைத்திருந்தாள். நிதானம் அதைப் பார்த்தான், மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவும் இவனைப் பார்க்காமல் சுவரில் தன் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உருளை உள்ள கூடுதானே? உள்ள ஐஸ் வெச்சா இரும்பு சுருங்கும். வெளிய சூடு பண்ணினா மெழுகு விரியும். ரெண்டும் ஒண்ணா நடந்தா விட்டுக்குடுக்கும்."

"சூடு எப்படி? அடுப்புல காட்டினா உருகிடும்னு சொல்லு அவன்கிட்ட" என்றான் சட்டம் சுவரைப் பார்த்து.

"அடுப்புல காட்டச் சொல்லலன்னு சொல்லுக்கா. ரூமையே சூடு பண்ணணும். சமையல்கட்டுதான் சின்னது. ஜன்னலைச் சாத்திட்டு எல்லா அடுப்பையும் தூரமா எரிய விடலாம். காத்து சூடானா போதும்."

"எவ்வளவு சூடுன்னு கேளு."

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது. அதுக்கு மேல போனா மெழுகு இளகும்னு அவருக்கே தெரியும்னு சொல்லு."

"ஏன்டா, நான் என்ன தபால் பெட்டியா?" என்று தங்கச்சி கத்தினாள். ஆனால் கை வேலையில் இறங்கிவிட்டது. ரப்பர் கையுறையின் விரல்களை வெட்டினாள், ஐஸை உடைத்து உள்ளே திணித்து நூலால் கட்டினாள், மெழுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. உருளையைக் குறுகின முனை மேலே இருக்கும்படி ஒரு மரக்கட்டையில் நிறுத்தினோம். அந்தக் கட்டை நான் செய்து கொடுத்தது, அந்தப் பெருமையை இங்கே சொல்லிக்கொள்கிறேன். மூன்று அடுப்பும் எரிந்தன. ஜன்னல் சாத்தினோம், கதவிடுக்கில் துணியை அடைத்தோம். நாலு பெரியவர்கள், ஒரு சமையலறை. அரைமணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது.

பன்னிரண்டு மணிக்கு முப்பத்தைந்து டிகிரி. சட்டம் கையை நீட்டினான்.

"இன்னும் இல்ல" என்றான் நிதானம்.

ஐஸ் மாற்றினோம். தங்கச்சி நின்றபடியே முட்டை அவித்து, ரொட்டி வெட்டி, எல்லோருக்கும் கையில் கொடுத்தாள். டீயைக் குடித்ததும் வேர்வை இன்னும் இரண்டு மடங்கானது. என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு சிலிண்டர் பக்கம் விழப் பார்த்தது, மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பின்னால் தள்ளினார்கள். நாலு நாளைக்கப்புறம் அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

ஒன்றரைக்கு முப்பத்தேழு. சட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "லேசா அசைச்சுப் பாக்கட்டான்னு கேளு."

"அசைக்கக்கூடாதுன்னு சொல்லு. அதுவா வரும்."

"அதுவா எப்படா வரும்? நாலு மணிக்கு அந்த அம்மா வந்து நிப்பாங்கடா!"

'டா' என்று நேராகவே சொல்லிவிட்டான். நிதானம் திரும்பவில்லை. சிலிண்டருக்கு ஒரு விரல் தள்ளிக் காதை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். இந்த வேலையில் நிதானம் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். காத்திருக்கத் தெரிந்தவன் கைதான் அங்கே தேவைப்பட்டது. மற்ற நாங்கள் மூன்று பேரும் தனியாக இருந்திருந்தால் மதியத்துக்கு முன்னாலேயே அந்த நாயைக் கொன்றிருப்போம்.

இரண்டரை தாண்டி ஐந்து நிமிடம். நாலாவது தடவை ஐஸ் மாற்றியிருந்தோம். 'டிக்' என்று ஒரு சத்தம், நகத்தால் கண்ணாடியைத் தட்டினதுபோல. சட்டம் "போச்சு!" என்று நெஞ்சில் கை வைத்தான்.

"போகல" என்றான் நிதானம். "விட்டுடுச்சு."

இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்து, அடுப்புப் பக்கம் காட்டிச் சூடாக்கி, மெத்தென்ற துணியோடு சிலிண்டரின் அடியோரத்தில் வைத்து மேலே ஏந்தினான். இழுக்கவில்லை, ஏந்தினான், அவ்வளவுதான். சிலிண்டர் முழுசாக மேலே வந்தது. ஒரு கீறல் இல்லை. தங்கச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், வேர்வையோடு வேர்வையாக யாருக்கும் தெரியவில்லை.

மாட்டு டாக்டரம்மா நாலு மணிக்கு முழங்கால் பூட்ஸோடு வந்தார். எங்கேயோ கன்று ஒன்றை இழுத்து எடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார், வாடையே சொன்னது. மெஷின் பூட்டி, சிலிண்டர் டாக்டரம்மா முன்னால் மறுபடி ஏறிச் சுற்றியது. கரகரவென்று கொஞ்ச நேரம் போய், பிறகு நாய் குரைத்தது. கனத்த கட்டைக் குரல். ஆறு தடவை குரைத்து, ஒரு தும்மல் போட்டு, மறுபடி குரைத்தது. டாக்டரம்மா கைகொட்டிச் சிரித்தார்.

"தும்மல் இருக்குன்னு எங்க பெரியப்பா சொல்வாரு, நான் நம்பவே இல்ல! நல்லா வளர்ந்த ஆம்பளை நாய், வயசு ஏழு எட்டு இருக்கும், குரல்லயே தெரியுது." அப்புறம் சட்டத்தைப் பார்த்து, "சார், உங்க கை இருக்கே, அது கை! இவ்வளவு பத்திரமா யாரு வெச்சுக் குடுப்பா?" என்றார்.

சொல்லப் போகிறான் என்று பார்த்தேன். வாயைத் திறந்தான். தங்கச்சியைப் பார்த்தான், நிதானத்தைப் பார்த்தான். "ஹி ஹி, எல்லாம் உங்க ஆசீர்வாதம்மா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஹாரனைக் கழற்றி அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். டாக்டரம்மா மெஷினைக் காரில் ஏற்றி, சிலிண்டர் டப்பாவைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் நிதானம் உளிச் சுருட்டைக் கக்கத்தில் வைத்தான்.

"நாய் பிழைச்சுடுச்சுக்கா. நான் வரேன்."

"நில்லுடா" என்றாள் தங்கச்சி. "ஏங்க, இப்பச் சொல்றீங்களா இல்லையா?"

சட்டம் தரையைப் பார்த்தான். "அது... ஏதோ கவனக்குறைவுல... ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யார் தப்பு மாமா?" என்று கேட்டான் நிதானம்.

"இப்ப அதெல்லாம் எதுக்கு? நடந்தது நடந்துபோச்சு. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

தங்கச்சி அலமாரியைத் திறந்து, ஒன்றும் பதியாத புதுச் சிலிண்டர் ஒன்றை எடுத்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டுத் தூக்கி பட்டறையின் சொந்த மெஷினில் மாட்டினாள். கேட்பதற்கு ஒரு தலை, பதிவதற்கு ஒரு தலை உண்டு. கேட்கும் தலையைக் கழற்றிப் பதியும் தலையைப் போட்டாள். ஸ்பிரிங்கை அவள் முறுக்கிய முறுக்கில் மேஜை ஆடியது.

"இதுக்குள்ள சொல்லுங்க."

"என்னடி இது, சின்னப் புள்ளைங்க மாதிரி! வாயால சொன்னா போதாதா?"

"வாயால சொன்னதைத்தான் செவ்வாய்க்கிழமை கேட்டோமே. நாளைக்கு நீங்க ஞாபகம் இல்லேன்னு சொல்வீங்க. மெழுகு மறக்காது. சொல்லுங்க, இல்லேன்னா என் பை அங்க இருக்கு."

சட்டம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஹாரனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு ஏதோ முணுமுணுத்தான். ஊசி மெழுகைச் சீவிக்கொண்டே போனது. தங்கச்சி தலையை மாற்றிப் போட்டுக் காட்டினாள். கரகரவென்று சத்தம், அதற்குள் எங்கேயோ கொசு பறந்ததுபோல ஒன்று. அவ்வளவுதான் பதிந்திருந்தது.

"மறுபடியும்" என்றாள்.

அந்த மெஷினில் மின்சாரம் கிடையாது. குரலின் பலம்தான் ஊசியை அசைத்து மெழுகை வெட்ட வேண்டும். கத்தாதவன் பேச்சு அதில் ஏறவே ஏறாது. அது எல்லோரையும்விட சட்டத்துக்கு நன்றாகத் தெரியும், வருஷக்கணக்காக வருகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் சொல்லிக் கொடுக்கிறான்.

நிதானத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேலை தெரிந்தவன் இல்லையா. "இன்னும் கிட்ட போங்க மாமா" என்றான். "மூஞ்சியை உள்ள விடுங்க. வார்த்தையை முழுங்காதீங்க."

சட்டம் ஹாரனுக்குள் முகத்தை விட்டான், காது மட்டும் வெளியே சிவப்பாகத் தெரிந்தது. மூச்சை இழுத்தான்.

"சிலிண்டரைக் கழட்டாம விட்டது நான்! மச்சான் இல்ல! மச்சான் கழட்டித்தான் வெச்சான்! நான் எடுத்து மாட்டினேன்! மறந்துட்டு அவன் மேல பழி போட்டேன்! அவன் கை சுத்தம்! என்னை... என்னை மன்னிச்சுடுடா!"

தெருவில் குடை பிடித்துப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். சட்டம் தலையை வெளியே எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. அது கத்தினதால் வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னான், நான் நம்பவில்லை.

தலையை மாற்றி, சிலிண்டரைச் சுற்ற விட்டார்கள். ஹாரனுக்குள்ளிருந்து சின்னதாக, தகர டப்பாவுக்குள் அடைபட்டதுபோல, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, சட்டத்தின் குரல் வந்தது. சிலிண்டரைக் கழட்டாம விட்டது நான். மச்சான் இல்ல. நிதானம் சிரிக்கவில்லை. உளிச் சுருட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹாரனுக்கு நேராக உட்கார்ந்து கேட்டான். கடைசி வார்த்தை முடிந்ததும், "மறுபடி போடுங்க" என்றான்.

போட்டார்கள். கேட்டான். 'அவன் கை சுத்தம்' என்ற இடத்தில் மட்டும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"மறுபடி."

மூன்றாவது தடவையும் ஓடி முடிந்தது. சட்டம் தயங்கித் தயங்கி அவன் தோளில் கை வைத்தான்.

"போதும்டா. இது மெழுகு. ஒவ்வொரு தடவை போடறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா தேயும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா" என்றான் நிதானம். "தேயற வரைக்கும் கேட்டுக்கறேன்."

எழுந்து, அவனே சாவியைப் பிடித்து ஸ்பிரிங்கை முறுக்க ஆரம்பித்தான்.